இலை குடிக்கும்... தோல் குடிக்குமா?

பருத்திக் காட்டில் இலை சிவந்து போனால் நம் பக்கத்து விவசாயிகள் என்ன செய்வார்கள்? உரக்கடையில் மெக்னீசியம் சல்பேட் வாங்கி, தண்ணீரில் கரைத்து, டேங்கில் ஊற்றி முதுகில் மாட்டிக்கொண்டு, இலை நனைய அடித்துவிட்டு வருவார்கள். இலையின் பச்சை நிறத்துக்கு ஆதாரமான பச்சையத்தின் நடுவில் இருப்பதே மெக்னீசியம்தான். அது குறைந்தால் இலை நிறம் மாறும். இலை மேல் தெளித்தால் உள்ளே இறங்கும்.

இப்போது அதே மெக்னீசியம் ஸ்பிரே மனிதர்களுக்கும் வந்துவிட்டது. செல்போனைத் திறந்தால் போதும். 'பாதத்தில் பத்து முறை அடியுங்கள், படுத்ததும் தூக்கம் வரும்', 'கால் பிடிப்பு போயே போச்சு', 'தோல் பளபளக்கும்' என்று வீடியோவுக்கு மேல் வீடியோ. ஆன்லைனில் ஒரு சிறு பாட்டில் சில நூறு ரூபாய் விலை. 'அதையே வீட்டில் செய்தால் பத்தில் ஒரு பங்குதான் ஆகும்' என்று இன்னொரு வீடியோ.

பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி குரல் பதிவாகவே கேள்வி அனுப்பியிருக்கிறார்.

"எங்கம்மாவுக்கு அறுபத்தி ரெண்டு வயசுங்க. சக்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடறாங்க. ராத்திரியானா கெண்டக்கால் சுருட்டிப் புடிச்சுக்குதுங்க. தூக்கமே இல்ல. இந்த மெக்னீசியம் ஸ்பிரேய வீட்லயே பண்ணிக் குடுக்கலாம்னு பார்க்கறேன். எங்க வீட்டுக்காரர் காட்டுக்கு அடிக்க வாங்கி வெச்ச மூட்டை ஒண்ணு கெடக்குது. அதையே கரைச்சுக்கலாமுங்களா?"

அந்தக் கடைசி வரிக்காகத்தான் மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இந்த வாரம் இதை எடுத்துக்கொண்டேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உர மூட்டையைத் தொடவே வேண்டாம். சரியான உப்பு வாங்கி வீட்டில் செய்வது சுலபம். ஆனால் அம்மாவின் காலில் அதை அடிப்பதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தாக வேண்டும். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எண்ணெய் இல்லாத எண்ணெய்

கடைகளில் இதற்கு 'மெக்னீசியம் ஆயில்' என்றும் ஒரு பெயர் உண்டு. இதில் ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கிடையாது. மெக்னீசியம் குளோரைடு என்ற உப்பை நிறையக் கரைத்த தண்ணீர், அவ்வளவுதான். விரலில் தொட்டால் வழவழவென்று இருப்பதால் அந்தப் பெயர் வந்துவிட்டது.

மெக்னீசியம் நமக்குத் தூரத்துச் சொந்தம் இல்லை. ஈரோட்டில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போகிறவர்கள், சேலம் தாண்டியதும் 'மேக்னசைட்' என்ற பெயர்ப்பலகையோடு ஒரு ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல்லின் பெயர்தான் ஸ்டேஷனின் பெயர். அந்தக் கல் மெக்னீசியம் கார்பனேட். எஃகு ஆலைகளின் உலைகளுக்குள் பதிக்கும், சூடு தாங்கும் செங்கல் செய்ய அது போகிறது. தண்ணீரில் கரையாது என்பதால் ஸ்பிரேக்கு ஆகாது.

கரையக்கூடிய மெக்னீசியம் உப்புகளில் நமக்குத் தெரிந்தவை இரண்டு.

ஒன்று, எப்சம் சால்ட். வேதியியல் பெயர் மெக்னீசியம் சல்பேட். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் 'பேதி உப்பு' என்று சொல்லிப் பாருங்கள், உடனே முகம் சுளிப்பார்கள். வயிறு கழிய அந்தக் காலத்தில் கொடுத்தது இதைத்தான். இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊரின் ஊற்றுத் தண்ணீர் கசந்து கிடந்தது. 1618-ல் ஒரு மாட்டுக்காரர் கண்ணில் அது பட்டது, தாகத்திலும் மாடுகள் அதைக் குடிக்க மறுத்தன என்று ஒரு கதை உண்டு. அந்த ஊற்று உப்பைப் பற்றி நெகமையா குரூ என்ற மருத்துவர் 1695-ல் ஒரு நூலே எழுதினார். உப்புக்குள் இருந்த உலோகத்தை ஹம்ப்ரி டேவி 1808-ல் பிரித்தெடுத்தார்.

இரண்டாவது, மெக்னீசியம் குளோரைடு. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கடல் தண்ணீர் வெயிலில் சுண்டி, சாப்பாட்டு உப்பு படிகமாகப் பிரிந்த பிறகும் பாத்தியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும். வாயில் வைக்க முடியாத கசப்பு. அந்தக் கசப்புக்குக் காரணம் மெக்னீசியம். ஜப்பான்காரர்கள் சோயா பாலைத் திரித்து டோஃபு செய்ய இந்தக் கசப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். குஜராத்தில் கட்ச் ரண் பக்கத்துக் காராகோடாவில் இப்படி மிஞ்சும் தண்ணீரிலிருந்து மெக்னீசியம் குளோரைடு எடுக்கும் தொழிலே நடக்கிறது.

ஸ்பிரேக்கு ஏற்றது இந்த இரண்டாவது உப்பு. தண்ணீரில் நன்றாகக் கரையும், தோலில் ஈரம் பிடித்து நிற்கும். எப்சம் சால்ட் காய்ந்ததும் வெள்ளைப் பொடியாக உதிரும். அது கால் ஊற வைக்கும் பக்கெட்டுக்குப் பொருந்தும்.

தோல் ஒரு மதில்

இலையில் அடித்தால் உள்ளே போகிறது. அப்படியானால் தோலில் அடித்தாலும் போகுமா?

தோலின் வேலையே வேறு. வெளியில் இருப்பதை உள்ளே விடாமல் தடுப்பதுதான் அதன் முதல் வேலை. அப்படி இல்லாவிட்டால் பவானி ஆற்றில் ஒரு மணி நேரம் குளித்து எழுந்தால் உடம்பு ஊதிப் போயிருக்கும். மேல் தோலில் செத்த செல்கள் செங்கல் போல அடுக்கியிருக்க, நடுவில் கொழுப்புப் பூச்சு சுண்ணாம்பு போல நிற்கிறது. தண்ணீரில் கரைந்த உப்பு அந்தக் கொழுப்பைத் தாண்டுவது கடினம்.

ஆனால் மதிலில் சந்து பொந்து இல்லாமலும் இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், சோதனைக் கூடத்தில் மனிதத் தோல் மேல் மெக்னீசியம் கரைசலை வைத்துப் பார்த்தார்கள். மயிர்க்கால்கள் வழியாகக் கொஞ்சம் இறங்குவது தெரிந்தது. இறங்குவது உண்மை. உடம்புக்குத் தேவையான அளவு இறங்குகிறதா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு 2017-ல் இரண்டு பதில்கள் வந்தன. இங்கிலாந்தில் 25 பேரை வைத்து, மெக்னீசியம் கிரீமை 2 வாரம் தடவச் சொல்லி ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு ஜெர்மனி ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை மொத்தமாகப் படித்துவிட்டு, தோல் வழியாக மெக்னீசியம் குறைபாட்டைச் சரிசெய்யலாம் என்பதற்கு அறிவியல் ஆதாரம் போதாது என்று எழுதினார்கள்.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 முதல் 450 மில்லிகிராம் மெக்னீசியம் வேண்டும். கீழே நான் சொல்லப்போகும் கெட்டிக் கரைசலில் ஒரு மில்லியில் சுமார் 70 மில்லிகிராம் இருக்கும். ஸ்பிரேயை ஒரு முறை அழுத்தினால் வருவது ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கு அளவு. பத்து முறை அடித்தாலும் தோல் மேல் விழுவது 70 மில்லிகிராம்தான். அதிலும் உள்ளே போவது சிறு பங்கு. ஒரு பிடி நிலக்கடலையில் கிடைப்பதைக்கூட இது எட்டாது.

அப்படியென்றால் இதில் பயனே இல்லையா? தோலுக்கு மட்டும் என்று பார்த்தால் கொஞ்சம் உண்டு. மெக்னீசியம் அதிகமுள்ள சாக்கடல் உப்பை வைத்து ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வு 2005-ல் வெளிவந்தது. சுபாவத்திலேயே தோல் வறண்டு அரிப்பு எடுப்பவர்களை, ஒரு முன்கையை 5 சதவீத உப்புக் கரைசலிலும் மறு கையைச் சாதாரணத் தண்ணீரிலும் 15 நிமிடம் ஊற வைக்கச் சொன்னார்கள். 6 வாரத்தில் உப்புத் தண்ணீர் பட்ட கையின் வறட்சியும் சிவப்பும் குறைந்திருந்தன. இதில் கவனிக்க வேண்டியது, அது 5 சதவீதக் கரைசல். கடையில் விற்கும் ஸ்பிரே அதைப் போலப் பல மடங்கு கெட்டி. தோலுக்கு இதம் தருவது லேசான கரைசல்தான்.

இன்னொரு பயன், தேய்த்து விடுவது. படுக்கப் போகும் முன் பாதத்தில் எதையாவது தடவி ஐந்து நிமிடம் யாராவது பிடித்துவிட்டால் சுகமாகத்தான் இருக்கும். அந்தச் சுகத்தில் மெக்னீசியத்தின் பங்கு எவ்வளவு, கையின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். என்னைக் கேட்டால் கைக்கே அதிகம் கொடுப்பேன்.

செய்முறை

வேண்டியவை:

மெக்னீசியம் குளோரைடு செதில்கள் - 50 கிராம்
கொதிக்க வைத்து வெதுவெதுப்பாக ஆறிய ஆர்.ஓ. தண்ணீர் - 100 மில்லி
ஸ்பிரே மூடியுள்ள புது பாட்டில் - 1
கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம், மரக் கரண்டி

1. பாட்டிலையும் பாத்திரத்தையும் வெந்நீரில் கழுவி, கவிழ்த்து நன்றாக உலர விடுங்கள்.

2. தண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றி, செதில்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். சில நிமிடத்தில் கரைந்துவிடும். அடுப்பில் வைக்கத் தேவையில்லை. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், உப்பு அதை அரிக்கும்.

3. முழுதாக ஆறிய பிறகு பாட்டிலில் ஊற்றுங்கள்.

4. பாட்டில் மேல் என்ன கரைசல், எந்தத் தேதி என்று எழுதி ஒட்டுங்கள். 'குடிக்கக் கூடாது' என்பதையும் பெரிதாக எழுதுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வெளியில் வைக்கலாம், ஃபிரிட்ஜ் வேண்டாம். ஒரு மாதத்துக்கு ஆகும் அளவு மட்டும் செய்யுங்கள்.

இது பாதிக் கெட்டி. முதல் முறை செய்கிறவர்கள் இதிலேயே தொடங்குங்கள். தோலுக்கு ஒத்துக்கொண்டால் அடுத்த முறை 100 மில்லிக்கு 100 கிராம் போடலாம். கடையில் விற்பது ஏறக்குறைய அந்தக் கெட்டிதான். குளித்த பிறகு வறண்ட கை கால்களுக்கு மட்டும் வேண்டும் என்றால் 100 மில்லிக்கு 10 கிராமே போதும்.

நம் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து கிடக்கும். அந்தத் தண்ணீரில் கரைத்தால் ஸ்பிரே மூடியின் துளை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் ஆர்.ஓ. தண்ணீர். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் தண்ணீரை எடுக்காதீர்கள், அது தோலுக்கென்று தயாரித்தது இல்லை.

கற்றாழைச் சோறு, பன்னீர், மஞ்சள், எலுமிச்சை என்று கையில் கிடைப்பதையெல்லாம் சேர்க்க ஆசை வரும். வேண்டாம். வெறும் உப்புக் கரைசல் கெட்டுப்போகாது. மற்றதைச் சேர்த்தால் கெடும். வாசனைத் தைலங்கள் தண்ணீரில் கலக்காமல் மேலே மிதக்கும். அப்படியே தோலில் பட்டால் எரிச்சலும் கொப்புளமும் வரலாம்.

அடிக்கும் முறை

முதலில் முழங்கையின் உள்பக்கத்தில் ஒரே ஒரு முறை அடித்துவிட்டு ஒரு நாள் காத்திருங்கள். தடிப்பு, அரிப்பு, சிவப்பு வந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

ஒத்துக்கொண்டால் பாதம், கெண்டைக்கால், முன்கை என்று ஓரிடத்தில் நாலைந்து முறை அடித்து, கையால் தேய்த்துவிடுங்கள். 15, 20 நிமிடம் கழித்துத் தண்ணீரில் கழுவி, துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். இரவு முழுக்க விட்டால் உப்பு காய்ந்து பிசுபிசுக்கும், போர்வையிலும் ஒட்டும்.

முகம், கண், உதடு, அந்தரங்க இடங்கள் பக்கம் வேண்டாம். சவரம் செய்த, வேக்ஸிங் செய்த தோலில் அன்று வேண்டவே வேண்டாம். பித்தவெடிப்பிலும் சேற்றுப்புண்ணிலும் பட்டால் 'ஆ' என்று அலறுவீர்கள். மூக்குக்கு நேராக அடித்துச் சாரலைச் சுவாசிக்காதீர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் இன்னும் கவனம். கைக்குழந்தைகளுக்கு எந்த அளவிலும் வேண்டாம்.

ஒரு தப்பான நம்பிக்கையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 'அடித்ததும் சுர்ரென்று எரிந்தால் உடம்பில் மெக்னீசியம் குறைவு என்று அர்த்தம்' என்கிறார்கள். அப்படி இல்லை. கெட்டியான உப்புத் தண்ணீர் பட்டால் எரியத்தான் செய்யும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் கூடவே எரியும். எரிந்தால் கழுவுங்கள், அடுத்த முறை இன்னும் தண்ணீராகக் கரையுங்கள்.

உர மூட்டை ஏன் ஆகாது?

பெயர் ஒன்றுதானே என்று கேட்கலாம். சமையல் உப்பும் தோல் பதனிடும் உப்பும்கூடப் பெயரளவில் ஒன்றுதான். தோல் பதனிடும் உப்பை யாரும் சாம்பாரில் போடுவதில்லை.

உரக்கடை மெக்னீசியம் சல்பேட்டின் தரம் பயிருக்கு என்று பார்க்கப்பட்டது. மனிதத் தோலில் தினமும் தேய்க்க என்று யாரும் அதைப் பரிசோதிக்கவில்லை. அதில் கலந்திருக்கக்கூடிய மற்ற பொருள்களைப் பயிர் தாங்கும், தோலும் தாங்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதைவிடப் பெரிய பயம், அந்த மூட்டை இருக்கும் இடம். பல வீடுகளில் பூச்சிமருந்து டப்பாவும் உர மூட்டையும் ஒரே மூலையில் கிடக்கும். பூச்சிமருந்து அளந்த அதே டம்ளரால் உப்பையும் அள்ளியிருப்பார்கள். பூச்சிமருந்து தோல் வழியாக உள்ளே போகும். மெக்னீசியத்தைத் தடுக்கும் மதில் எல்லாவற்றையும் தடுக்காது.

அதேபோல மருந்தடித்த கைத்தெளிப்பான், கண்ணாடி துடைக்கும் திரவம் வந்த பாட்டில், களைக்கொல்லி டப்பா எதையும் கழுவிப் பயன்படுத்தாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம்.

வாங்கும்போது பாக்கெட்டில் காஸ்மெடிக் தரம், பார்மா தரம் அல்லது ஐ.பி. என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐ.பி. என்பது இந்திய மருந்துத் தர நூலின்படி தயாரித்தது என்பதற்கான குறி. 'இண்டஸ்ட்ரியல்', 'டெக்னிக்கல்' என்று இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். தயாரித்தவர் முகவரி, தேதி, பேட்ச் எண் இல்லாத வெறும் பாலித்தீன் பொட்டலமும் வேண்டாம்.

யார் தொடக் கூடாது?

உடம்பில் மிஞ்சும் மெக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது ரத்தத்தில் தேங்கும். தேங்கினால் தசை தளரும், ரத்த அழுத்தம் இறங்கும், இதயத் துடிப்பு மந்தமாகும். தோல் வழியாகப் போவது குறைவு என்றாலும், சிறுநீரக நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் மெக்னீசியத்தை எந்த வடிவிலும் எடுக்கக் கூடாது. இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களும், மயஸ்தீனியா என்னும் தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களும் அப்படியே.

கர்ப்பிணிகள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். பிரசவ காலத்தில் ரத்த அழுத்தம் கூடி ஜன்னி வரும் ஆபத்து இருந்தால் ஆஸ்பத்திரியில் போடும் ஊசி, இதே மெக்னீசியம் சல்பேட். 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த மேக்பை ஆய்வு 2002-ல் வெளியானது. இந்த ஊசி ஜன்னி வரும் ஆபத்தைப் பாதிக்கும் மேல் குறைப்பதை அது காட்டியது. ஆனால் அந்த ஊசியைப் போட்ட பிறகு நர்ஸ் பக்கத்திலேயே இருந்து மூச்சையும் சிறுநீரையும் கணக்கெடுப்பார். அவ்வளவு வலுவான மருந்து அது. அதனால் கர்ப்பிணிக்குக் கால் வீங்கி, தலை வலித்து, கண் மங்கினால் ஸ்பிரேயும் வேண்டாம், பக்கெட் வெந்நீரும் வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரி.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. 'எப்சம் சால்ட் போட்டு வெந்நீரில் காலை ஊறவையுங்கள்' என்பது எல்லா வீடியோவிலும் வரும். பல வருடச் சர்க்கரையில் பாதம் மரத்துப் போயிருக்கும். தண்ணீர் கொதிக்கிறதா, வெதுவெதுப்பா என்பதே காலுக்குத் தெரியாது. வெந்து கொப்புளித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அந்தப் புண் ஆறுவதற்குப் படும் பாடு, சர்க்கரைக்காரர் உள்ள வீட்டுக்குத் தெரியும். அவர்களுக்குக் கால் ஊற வைக்கும் வைத்தியமே வேண்டாம்.

சரி, அம்மாவின் கெண்டைக்காலுக்கு என்ன வழி?

முதலில், கால் பிடிப்பு என்றால் மெக்னீசியம் குறைவு என்று முடிவு கட்டாதீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2020-ல் இதைப் பரிசீலித்தது. பெரியவர்கள் மெக்னீசியத்தை மாத்திரையாக விழுங்கினால்கூட இரவு நேரக் கால் பிடிப்பு குறிப்பிடும்படி குறைய வாய்ப்பில்லை என்பதுதான் அதன் முடிவு. விழுங்கியே குறையாதது தோலில் தடவிக் குறையுமா?

காரணம் வேறு எங்காவது இருக்கலாம். சர்க்கரையால் நரம்பு பாதித்திருக்கலாம். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகம் போக வைக்கும், அதில் உப்புச் சத்துகளும் போகும். கொழுப்புக்கான சில மாத்திரைகளாலும் தசை வலிக்கலாம். தைராய்டு, நரம்புச் சுருட்டு, வெயிலில் வேர்த்துக் கொட்டித் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, பவர்லூம் தறியில் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பது என்று பட்டியல் நீளம். அதனால் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். கிரியாட்டினின் பரிசோதனை கடைசியாக எப்போது எடுத்தது என்று பாருங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும் பரிசோதனை அது. ஈரோடு அரசு தலைமை மருத்துவமனையிலும் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் எடுக்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் ஊழியரிடம், ராத்திரியில் கால் பிடிக்கிறது என்பதையும் சொல்லி வையுங்கள்.

பிடிப்பு வந்த நேரத்தில் முழங்காலை நீட்டி, கால் விரல்களை முகத்தைப் பார்த்து மெதுவாக இழுத்துப் பிடியுங்கள். சில நொடியில் தளரும். வராமல் தடுக்க, படுக்கப் போகும் முன் சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாயுங்கள். கெண்டைக்கால் இழுபடுவது தெரியும். பத்து எண்ணும் வரை நின்று, கால் மாற்றுங்கள். மூன்று முறை போதும். நெதர்லாந்தில் 55 வயதைத் தாண்டிய 80 பேரிடம் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், இரவில் இப்படிக் கால் தசையை நீட்டிவிட்டுப் படுத்தவர்களுக்கு 6 வாரத்தில் பிடிப்பு குறைந்திருந்தது. காசு செலவில்லை, பாட்டில் தேவையில்லை.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்து வலித்தால் அது பிடிப்பு இல்லை, ரத்தக் கட்டியாக இருக்கலாம். தேய்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடந்தால் வலித்து, நின்றால் நிற்கும் வலியும் ரத்தக் குழாய் அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். இந்த இரண்டிலும், 'ரெண்டு நாள் ஸ்பிரே அடிச்சுப் பார்ப்போம்' என்று தள்ளிப்போடும் அந்த இரண்டு நாள்தான் ஆபத்து.

மெக்னீசியத்துக்கு வாய்தான் வழி

உடம்பில் இருக்கும் மெக்னீசியம் ஏறத்தாழ 25 கிராம். பாதிக்கு மேல் எலும்பில். அதை நிரப்பி வைக்க நம் கொங்கு அடுப்படியே போதும். சமைக்காத நிலையில் 100 கிராமுக்குக் கணக்கிட்டால் ராகியில் 140, கொள்ளில் 150, கம்பில் 120 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. நிலக்கடலையும் பச்சைப்பயறும் 170-க்கு மேல். எள்ளில் 350 வரை. தீட்டிய வெள்ளை அரிசியில் 20, 25-தான் மிஞ்சுகிறது. தவிட்டோடு அதைத் தீட்டி எறிந்துவிட்டு, பாட்டிலில் வாங்கிக் காலில் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

காலையில் கம்மங்கூழ், மத்தியானம் சோற்றுக்குக் கொள்ளுப்பருப்புக் கடைசல், சாயங்காலம் ஒரு பிடி வறுத்த கடலையும் ஒரு எள்ளுருண்டையும். இவற்றிலேயே 190 மில்லிகிராம் பக்கம் வந்துவிடும். மீதியைக் கீரையும் பருப்பும் பார்த்துக்கொள்ளும். சர்க்கரைக்காரர்கள் எள்ளுருண்டைக்குப் பதில் எள்ளுப்பொடி சாப்பிடலாம். சிறுநீரக நோயாளிகள் இதிலும் டாக்டர் சொன்ன உணவுப் பட்டியலைத்தான் பின்பற்ற வேண்டும்.

ஆகவே, ஆரோக்கியமான உடம்பு, வறண்ட கை கால், சரியான உப்பு இருக்கிறவர்கள் தாராளமாக ஒரு பாட்டில் செய்து பாருங்கள். தோலுக்கு இதமாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் கால் இழுக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் முதல் தேவை மாத்திரைப் பையோடு ஒரு டாக்டர், பிறகு சுவரில் கை ஊன்றி மூன்று முறை, கூடவே பாதத்தைப் பிடித்துவிட வீட்டில் ஒரு கை. கையில் தடவிக்கொள்ள எது என்று கேட்டால், தேங்காய் எண்ணெயே போதுமுங்க.

அடுத்த வாரம்: கோடை தொடங்கும் முன் பாதத்தைக் காப்பது எப்படி? பித்தவெடிப்பு, சேற்றுப்புண், செருப்புக் கடி பற்றிய உங்கள் கேள்விகளை அனுப்புங்கள்.